கேக் விழவில்லை, நகர்ந்தது

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் நலம், உன் அம்மா நலம், கதவுக் கீல் மாற்றியதிலிருந்து ஓவனும் நலம். உன் தாய்மாமனுக்கு மட்டும் வலது காலில் சுளுக்கு, அது எப்படி வந்தது என்பது இந்தக் கடிதத்திலேயே பின்னால் வரும், அதைப் படித்தபிறகு அவனுக்காக நீ வருத்தப்பட மாட்டாய். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஈரமான காலுறையை அப்படியே போட்டுக்கொண்டு திரியாமல், தெம்பாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நேற்றுப் பேராசிரியை அம்மா நம் வீட்டுக்கு வந்துபோன கதையை உன் அம்மா சாயங்காலமே போனில் உன்னிடம் ஆரம்பித்துவிட்டாள், நான் பக்கத்தில் நின்று போனுக்குக் கை நீட்டிக்கொண்டே இருந்தேன், தரவில்லை. அப்பா கேக்கைக் கீழே போட்டுவிட்டார் என்று அவள் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். அதற்குப்பிறகு நடந்ததைச் சொல்ல வந்தவள், மிச்சத்தை அப்பா எழுதுவார் என்று பட்டென்று போனை வைத்துவிட்டாள். நீ அப்போதிருந்து போன் போட்டபடியே இருக்கிறாய் என்று தெரியும். எடுக்க வேண்டாம் என்று சொன்னது நான்தான். பாதிக் கதை கேட்டவனுக்கு மீதிக் கதையை முதலிலிருந்துதான் சொல்ல வேண்டும். இதை எழுதி முடித்ததும் உன் மாமன் தன் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பிவைப்பான், எழுத்து ஆடித் தெரிந்தால் அது அவன் கைவரிசை. கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்காதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன் பிறப்புக்கு முன்னாலிருந்து பேக்கரி நடத்துகிறவன் நான், ஒரு கேக்கைக்கூடக் கீழே போட்டதில்லை. கேக் விழவில்லை, நகர்ந்தது. விழுவது வேறு, நகர்வது வேறு, இதை உன் அம்மாவுக்கு எத்தனை தடவை சொன்னாலும் உதட்டைப் பிதுக்குகிறாள்.

நீ போன மாதம் அழாத குறையாகச் சொன்னது என் காதிலேயே நிற்கிறது. அந்தப் பெண்ணைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாய், எங்களுக்கும் சந்தோஷம்தான், போட்டோவில் பார்த்ததிலிருந்து உன் அம்மா அவளை நம்ம பொண்ணு என்றுதான் சொல்கிறாள். ஆனால் அவள் அம்மா பிடி கொடுக்கவில்லை என்றாய். கணவர் இல்லாதவர், ஒரே பெண், கல்லூரியில் நிலவியல் பேராசிரியை, அதாவது மலை எப்படி வந்தது மண் எப்படி வந்தது என்று சொல்லிக்கொடுக்கிறவர். சீக்கிரம் திரும்பி வந்துவிடுகிறேன் என்று மகள் சொன்ன வார்த்தையை நம்பித்தான் அவளை அவ்வளவு தூரம் அனுப்பியிருக்கிறார், இப்போது உன்னைக் கட்டிக்கொண்டால் இரண்டு பேரும் வேலை பார்க்கிற அந்தத் துறைமுகத்திலேயே குடியேறிவிடுவீர்கள் என்று அவருக்குப் பயம். பையன் வளர்ந்த வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு என் முடிவைச் சொல்கிறேன் என்றாராம். அம்மா சரி என்று சொல்லாமல் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று அந்தப் பெண்ணும் ஒரே பிடியாக இருக்கிறாளாம். ஆக உன் வாழ்க்கையே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், நம் வீட்டு மாடியில், என் கையில் வந்து நின்றது. எப்படியாவது அவங்களுக்கு நம்ம வீடு பிடிக்கணும் அப்பா என்று நீ சொன்னாயே, அன்றிலிருந்து அவருக்கு என்ன செய்து வைப்பது என்பதே எனக்கு யோசனை.

உன் அம்மா சுலபமாகச் சொல்லிவிட்டாள், வருகிறவருக்கு ஒரு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து மரியாதையாகப் பேசி அனுப்பினால் போதும் என்று. பேக்கரிக்காரன் வீட்டில் பிஸ்கட்டா? கடைக்கு வருகிற எவனும் வாங்கித் தின்கிற பிஸ்கட்டைச் சம்பந்தி வீட்டுக்கு வைப்பதா என்று கேட்டேன். உடனே பிடித்துக்கொண்டாள், அந்த வார்த்தையை வாயில் எடுக்கவே கூடாது, அவராகச் சொல்கிற வரைக்கும் நாமாகச் சம்பந்தி என்று சொன்னால் வலியப் போய் ஒட்டிக்கொள்கிற மாதிரி இருக்கும், உங்கள் வாயை எனக்குத் தெரியும் என்றாள். சரி என்றேன். ஆனால் கேக் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் மண்ணையும் மலையையும் படித்தவர் என்றால் மண்ணையும் மலையையுமே கேக்காகப் போடுவோம், ஒரு பக்கம் மலை, அப்புறம் பீடபூமி, அப்புறம் சமவெளி, கடைசியில் கடற்கரை, கடல். பார்த்த மாத்திரத்தில் அசந்துபோய்ச் சரி என்று சொல்லிவிடுவார் என்பது என் கணக்கு. பரண்மேல் இருந்த உன் பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் படித்தேன். நீ அதில் மலைகளுக்கெல்லாம் மீசை வரைந்து வைத்திருக்கிறாய், அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.

படித்துத்தான் செய்தேன், ஆனால் படித்ததெல்லாம் மாவில் வரவில்லை. வெள்ளை, மஞ்சள், பழுப்பு என்று மூன்று நிறத்தில் நீளமான கேக் தட்டைகளைச் சுட்டு, நடுவில் கிரீம் தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன், அதுதான் நிலம். மலையைத் தனியாகக் கூம்பு அச்சில் சுட்டேன், வெளியே எடுத்துப் பார்த்தால் பிறந்தநாள் தொப்பியை வரிசையாகக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது. உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, மேலே ஒரு குஞ்சமும் வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது, கத்தியை எடுத்து மலை மலையாகத் தோன்றும்வரை செதுக்கினேன். செதுக்கச் செதுக்கத் தூள் கொட்டியது, நம் கடையில் தூளைக் குப்பையில் போடுகிற வழக்கம் என்றைக்கு இருந்தது, ஒரு டப்பாவில் சேர்த்து வைத்தேன். பீடபூமிக்கு வைத்த தட்டை ஓவனிலேயே வெடித்துவிட்டது. சனிக்கிழமை பாதி ராத்திரி ஆகிவிட்டது, மறுபடி சுட நேரமில்லை, வெடிப்பு தெரியாமல் இருக்க உருக்கிய சாக்லேட்டை மேலே ஊற்றினேன், அது உள்ளே இறங்கி மறுபடி வெடிப்பு தெரிந்தது, மறுபடி ஊற்றினேன். இப்படி ஊற்றி ஊற்றிப் பீடபூமி தானாகவே உயர்ந்துவிட்டது. ஆற்றை மட்டும் நான் போடுகிறேன் என்று உன் அம்மா கிரீம் பையை வாங்கிக்கொண்டாள். மலையில் ஆரம்பித்து வளைத்து வளைத்துக் கொண்டுபோனாள், நேராகப் போட்டால் கிரீம் மிச்சமாகுமே என்று கேட்டதற்கு, "தண்ணி என்ன உங்களை மாதிரியா, எதிர்ல இருக்கிறதை முட்டிக்கிட்டு நிக்க? அது சுத்திப் போயிடும்" என்றாள். சொல்லி வாயை மூடவில்லை, பையின் முனை கிழிந்து சமவெளி முழுக்கக் கிரீம் வெள்ளம் போல் பரவிவிட்டது. நான் சிரிக்கவில்லை. கொஞ்சம்தான் சிரித்தேன்.

கடலுக்கு நீல ஜெல்லி. அதைத் தட்டோடு கடைசியில் பலகையில் பதித்தேன். கடலுக்கும் நிலத்துக்கும் நடுவில் கடற்கரை வேண்டுமே, மணலுக்கு எதைப் போடுவது என்று யோசித்தபோது டப்பாவில் இருந்த மலைத் தூள் ஞாபகம் வந்தது. அதையே கொட்டிப் பரப்பினேன். கொஞ்சம் எட்ட நின்று பார்த்தேன், உன் புத்தகத்தில் இருந்த படமே எழுந்து வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

இனிமேல்தான் உன் மாமன் வருகிறான். கேக் கடையில், வீடு தெருவுக்கு எதிர்ப்பக்கம் மாடியில், இவ்வளவு நீளப் பலகையை ஒருவனாகத் தூக்க முடியாது. பழைய அலமாரிக் கதவைக் கழற்றி அதன்மேல்தான் கேக்கை வைத்திருந்தேன், நான்கு பக்கமும் சட்டம் அடித்து, மலையை மட்டும் சாக்லேட்டால் சட்டத்தோடு ஒட்டியிருந்தேன். மலைப் பக்கத்தை முன்னால் மாமன் பிடித்தான், கடல் பக்கத்தைப் பின்னால் நான் பிடித்தேன். அவன் என்னைப் பார்த்தபடி பின்னோக்கி நடக்க மாட்டானாம், தெருவைப் பார்த்துத்தான் நடப்பானாம், இத்தனை வருடமாக டிரைவிங் ஸ்கூலில் ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவன், பின்னால் பார்த்து முன்னால் போனதாகச் சரித்திரமே இல்லையாம். கையைப் பின்பக்கமாக வளைத்துப் பிடித்துக்கொண்டான். "மாமா பயப்படாதீங்க, பிரேக் என் கால்ல இருக்கு" என்றான். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

அவனுக்கு அந்த வேலையில் ஒரு வியாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது, உனக்கே தெரியும். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து மாணவர்களுக்காக அவன் பிரேக்கை மிதித்து மிதித்து, இப்போது பஸ்ஸில் போனாலும் மிதிக்கிறான், சோபாவில் உட்கார்ந்து டி.வி. பார்த்தாலும் மிதிக்கிறான். தெருவில் பாதி வரைக்கும் நன்றாகத்தான் போனோம். எதிர்க்கடைத் தையல்காரர் முகம் மறைகிற அளவுக்குத் துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு சட்டென்று வெளியே வந்தார். அவ்வளவுதான், மாமன் வலது காலை ஓங்கித் தரையில் ஒரு மிதி மிதித்துச் சிலை மாதிரி நின்றுவிட்டான். சுளுக்கு வந்தது அங்கேதான். பலகை நின்றது, ஆனால் கேக்குக்கு யார் சொல்வது? தட்டைகள் மூன்றும் கிரீமின்மேல் வழுக்கிக்கொண்டு முன்னால் ஓடின. மலை ஒட்டியிருந்ததால் நகரவில்லை. நான் பதறி, நிலத்தைத் தள்ளிப் பழைய இடத்தில் வைப்பதாக நினைத்துப் பலகையைப் பின்னாலிருந்து இன்னும் தள்ளினேன், மாமன் முன்னாலிருந்து என் பக்கம் தள்ளினான், தள்ளாதே என்று நானும் தள்ளாதீங்க என்று அவனும் கத்திக்கொண்டே இரண்டு பேரும் தள்ளினோம். நடுவில் மாட்டிக்கொண்ட நிலம் எங்கே போகும், கசங்கி, மடிந்து, மலையோடு சேர்ந்து மேலே எழும்பிவிட்டது. பின்பக்கம் நிலம் விலகிப்போய்க் கடற்கரை அகன்றுவிட்டது. தையல்காரர் துணிக்கட்டுக்கு மேலாக எட்டிப் பார்த்து, என்னங்க போர்வையைச் சுருட்டி எடுத்துட்டுப் போறீங்க என்று கேட்டார். அவர் வேண்டுமென்று கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார், அதுதான் இன்னும் வலித்தது.

சரிசெய்ய நேரமில்லை. மாடியில் வைத்துவிட்டு மூச்சு வாங்குவதற்குள் படியில் காலடிச் சத்தம். நான் பெரிய உருவமாக, கண்டிப்பான முகமாக எதிர்பார்த்தேன், வந்தவர் உன் அம்மாவின் தோள் உயரம்தான் இருந்தார், ஷூவில் சேறு, முழங்கால்வரை தூசி. ரயிலிறங்கி வரும் வழியில் சாலைக்காக மலைச்சரிவை வெட்டியிருந்ததைப் பார்த்ததும் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்தாராம். வீட்டுக்குள் வந்தவர் நாற்காலியைப் பார்க்கவில்லை, பீரோவைப் பார்க்கவில்லை, பூச்சு உதிர்ந்த சுவரில் கிட்டே போய் நின்று, அடியில் எத்தனை நிறம் அடித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தச் சுவரை மறைக்கத்தான் உன் அம்மா காலண்டர் மாட்டியிருந்தாள், அதை நகர்த்தித்தான் பார்த்தார். உன் அம்மா முகத்தில் ஈயாடவில்லை. அடியில் இருக்கிற பச்சை நீ பிறந்தபோது அடித்தது, அதற்கும் அடியில் இருக்கிற மஞ்சள் எங்கள் கலியாணத்துக்கு அடித்தது என்று நான் சொன்னேன். விரலால் தடவிப் பார்த்து, இந்த வீட்டில் எல்லாமே கீழேயிருந்து மேலே வரிசையாக இருக்கிறது என்றார். நல்லதாகச் சொன்னாரா கெட்டதாகச் சொன்னாரா என்று எங்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை.

அப்புறம் திரும்பிக் கேக்கைப் பார்த்தார். வழியில் சின்ன அசம்பாவிதம் என்று ஆரம்பித்தேன், அவர் காதில் வாங்கவே இல்லை. கத்தி இருக்கிறதா என்றார். டீகூடக் குடிக்காமல் கத்தி கேட்கிறாரே என்று உன் அம்மா என்னைப் பார்த்தாள். கொடுத்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? எங்கள் தொழிலில் யாரும் செய்யாத காரியம், கேக்கைக் குறுக்கே வெட்டாமல், மலையிலிருந்து கடல்வரை நீளவாக்கில் ஒரே கோடாக வெட்டினார். ஒரு பாதியைத் தள்ளிவைத்துவிட்டுத் தரையில் மண்டியிட்டு, வெட்டிய பக்கத்தைக் கண்ணாடி மூக்கில் இறங்க உற்றுப் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன், நேராக அடுக்கிய வெள்ளை மஞ்சள் பழுப்புக் கோடுகளெல்லாம் மலைக்கு அடியில் அலை அலையாக மடிந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. இதை யார் செய்தது என்று கேட்டார். நான் உடனே மாமனைக் காட்டினேன். அவன் திருதிருவென்று விழித்தான்.

அவர் அவனைத் திட்டவில்லை. மலை இப்படித்தான் வந்தது என்றார். இரண்டு பெரிய நிலங்கள் எதிரெதிரே தள்ளிக்கொண்டால் நடுவில் இருப்பது போக இடமில்லாமல் மடிந்து மேலே கிளம்பும், மாணவர்களுக்கு இதைப் புரியவைக்க மேசைவிரிப்பு, கம்பளம், களிமண் என்று என்னென்னவோ செய்துபார்த்தேன், இவ்வளவு சுத்தமாக ஒருநாளும் வந்ததில்லை என்றார். அந்த நிலங்களும் உங்களைப் போலத்தான், யாரும் விட்டுக்கொடுக்காமல் இன்னமும் தள்ளிக்கொண்டிருக்கின்றன, அதனால்தான் சில மலைகள் இன்னும் வளர்கின்றன என்றும் சொன்னார். மாமன் சுளுக்கிய காலை மறந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். அவனுக்கென்ன, மலையே தன் காலால்தான் வந்தது என்று இப்போது டிரைவிங் ஸ்கூலில் போர்டு வைக்காத குறை. பீடபூமியைப் பார்த்துச் சாக்லேட்டை ஏன் இத்தனை தடவை ஊற்றினீர்கள் என்று கேட்டார், வெடிப்பை மறைக்க என்று அசடு வழிந்தேன். பூமியும் வெடித்தது, உள்ளேயிருந்து எரிமலைக் குழம்பு வழிந்து பரவி ஆறியது, மறுபடி வழிந்தது, அப்படி அடுக்கடுக்காக உயர்ந்த பீடபூமிகள் உண்டு என்றார். கிழிந்த கிரீம் பையையும் விடவில்லை, ஆறு கரை புரண்டு வண்டலைப் பரப்பிப் பரப்பித்தான் சமவெளியே உண்டாயிற்று என்றதும் உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார், இன்னும் பத்து வருடத்துக்கு அந்தப் பார்வை வீட்டில் இருக்கும். நான் புத்தகம் பார்த்துக் கவனமாகச் செய்தவற்றில் ஒன்றாவது சரியா என்று மெல்லக் கேட்டேன். கடல் நிலத்தைவிட உயரமாக இருக்கிறது என்றார். ஜெல்லியைக் கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டேன்.

சிரித்துக்கொண்டே வந்தவர் கடற்கரையில் நின்றுவிட்டார். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுப் பார்த்து, மணலுக்கு என்ன சேர்த்தீர்கள் என்றார். கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் தனிப் பக்குவம் என்றுதான் சொல்வேன், அவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை, மலையைச் செதுக்கும்போது உதிர்ந்த தூள்தான், வீணாக்க மனசில்லாமல் கொட்டினேன் என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். "கடற்கரையில பெரும்பாலும் அதுதாங்க" என்றார். மழையும் காற்றும் மலையைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கும், ஆறு அதைத் தூக்கிக்கொண்டு வரும், கடலைப் பார்த்ததும் வேகம் குறைந்து அங்கே இறக்கிவைக்கும், மலையில் நிற்கிறவனுக்கு அது போய்ச் சேர்ந்த இடம் தெரியாது என்றார். அப்புறம் உன் வேலையைப் பற்றிக் கேட்டார். கப்பல் வரும் வழியில் சேர்கிற மணலையும் வண்டலையும் தோண்டி எடுக்கிற வேலை, இன்ஜினீயருக்குப் படித்துவிட்டு மண் அள்ளுகிறான் என்று நான் வழக்கமாகச் சொல்கிறதைச் சொன்னேன். மண்ணில்லை, உங்கள் பையன் தினமும் மலையை அள்ளிக்கொண்டிருக்கிறான், என் பெண் அந்த மலை கடலுக்கடியில் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று அளந்து வரைகிறாள் என்றார். இனிமேல் உன் வேலையை மண் அள்ளுவது என்று நான் சொல்ல மாட்டேன்.

திடீரென்று என்னைப் பார்த்து, "பையன் அவ்வளவு தூரம் போனது உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?" என்று கேட்டுவிட்டார். இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்துப் பதில் தயாராக வைத்திருந்தேன், எங்களுக்குப் பெருமை, பிள்ளைகள் முன்னேற வேண்டும், நீங்கள் கவலைப்படாதீர்கள் என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தும் இருந்தேன். என் வாயில் வந்தது வேறு. "இருக்குங்க. ஓரம் கருகின பன்னுதான் அவனுக்குப் பிடிக்கும். இன்னமும் காலையில ஒண்ணை வேணும்னே கருக விட்டு எடுத்து வைக்கிறேன், கை பழகிப்போச்சு" என்றேன். அது தினமும் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது, பூனை தின்கிறது என்று நினைத்திருந்தேன். நான் சாப்பிடறேன் என்றாள் உன் அம்மா. எனக்கு அதுவரை தெரியாதடா. கருகிய பன் அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் பெண் சின்ன வயதிலிருந்து பார்த்த கல்லையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வருவாள், வீட்டில் நடக்க இடம் கிடையாது, சோப்பு வைக்கிற இடத்தில்கூடக் கல், எடுத்துப்போடு எடுத்துப்போடு என்று தினமும் சண்டை போடுவேன், இப்போது அவள் இல்லை, நானாக ஒன்றை எடுத்து வெளியே போடலாம் என்றால் கை வரவில்லை என்றார். சொல்லிவிட்டு, கலியாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், கடற்கரைப் பக்கமாக ஒரு பெரிய துண்டு வெட்டிக்கொண்டு டீயோடு முழுக்கச் சாப்பிட்டார். நானும் உன் அம்மாவும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம், அது கேக்குக்குத்தான் திறந்ததே தவிர வேறெதற்கும் திறக்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். என் மனசு படியிறங்கிவிட்டது, சரி, நம்மால் ஆனதைச் செய்தோம், பிள்ளையிடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

மிச்சக் கேக்கைக் கட்டித் தரவா என்று உன் அம்மா கேட்டாள். கடற்கரை போதும் என்றார். மலையை இதற்குமேல் வெட்ட வேண்டாம், இரண்டு பாதியும் அப்படியே இருக்கட்டும், அவர்கள் இரண்டு பேரும் வந்து வெட்டட்டும் என்றார். எங்களுக்குச் சட்டென்று புரியவில்லை, யார் இரண்டு பேரும் என்று உன் அப்பன் நான்தான் கேட்டேன், கேட்டிருக்க வேண்டாம். சேற்று ஷூவை மாட்டிக்கொண்டு படியில் பாதி இறங்கியவர், திரும்பி நின்று, "வரேன் சம்பந்தி, ஊர் போய்ச் சேர்ந்ததும் என் பொண்ணுகிட்ட நானே பேசறேன்" என்றார். உன் அம்மா என் கையைக் கிள்ளிய இடம் இன்னும் சிவந்திருக்கிறது. வழியனுப்ப முந்திக்கொண்டு கீழே போயிருந்த மாமன் இதைக் கேட்டுவிட்டு, சுளுக்கிய காலாலேயே இன்னொரு பிரேக் போட்டான். சம்பந்தியம்மா போனபிறகு நான் ஓவனைத் துடைக்கிறேன் என்று கடைக்குப் போய்விட்டேன், ஓவன் சூட்டில் கண் எரிந்தது, ஞாயிற்றுக்கிழமை ஓவன் பற்றவைக்கவில்லையே என்று உன் அம்மா சொன்னால் நம்பாதே.

நீ இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கேள். சம்பந்தியம்மா இன்னும் ரயிலில்தான் இருப்பார், அவர் தன் மகளிடம் பேசுகிறவரை நீ முந்திக்கொண்டு அந்தப் பெண்ணிடம் உளறிவைக்காதே, அது அவர் வாயால் சொல்ல வேண்டிய விஷயம். அதன்பிறகு நீயே அவருக்குப் போன் போட்டு நன்றாகப் பேசு, வேலை வேலை என்று சொல்லாதே, அவர் சொல்கிறதைக் கேள். அந்தப் பெண் கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்தால் வீட்டில் இடமில்லை என்று என்றைக்கும் சொல்லாதே. இரண்டு பேரும் அங்கேதான் இருக்கப் போகிறீர்களா, என்றாவது இங்கே திரும்புவீர்களா என்று நானும் கேட்கவில்லை, சம்பந்தியம்மாவும் கேட்கவில்லை, அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் வந்துபோகிற வழியை மட்டும் மறக்காதீர்கள். துறைமுகத்தில் ஓரமாக நின்று வேலை பார்க்காதே, உனக்கு நீச்சல் அரைகுறை. குளிரில் காதை மூடு. உன் அம்மா சொல்லச் சொன்னது, அவளுக்கு ஒரு போட்டோ போதாதாம், நம்ம பொண்ணு சிரிக்கிற மாதிரி இன்னொன்று அனுப்பு.

நீங்கள் இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல், ஒருவர் தள்ளினால் ஒருவர் விட்டுக்கொடுத்து, நீண்டகாலம் மனம் நிறைந்து வாழ வேண்டும் என்று நானும் உன் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். உன் மாமனும் ஆசீர்வதிக்கிறான், ஆனால் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தபடியே.

ஒன்றே ஒன்றை ஞாபகத்தில் வை. அந்த மலை நம் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் தட்டு இரண்டைக் கழற்றித்தான் உள்ளே நுழைக்க முடிந்தது, பால் வைக்க இடமில்லை என்று உன் அம்மா காலையிலிருந்து முணுமுணுக்கிறாள், ஆனால் யாரையும் அதைத் தொடவிடுவதில்லை. லீவு கிடைத்ததும் இரண்டு பேரும் வந்து சேருங்கள், ரொம்பவும் தள்ளிப்போடாதீர்கள். அது கேக், பாறை இல்லை, கோடி வருடம் தாங்காது. நாங்களும் அப்படித்தான்.

கேக்கைக் கீழே போடாத,
உன் அப்பா